மூன்றாம் கில்னில் ஓர் ஆப்பிரிக்க வருடம்

1. விமானத்தில் வந்த நாற்காலி

கப்பலில் போன நாற்காலி விமானத்தில் திரும்பி வந்தது என் பணிக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான். எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில், பினாங்கை அடுத்த புக்கிட் தெங்காவில், ரப்பர் மரத்தில் மேசை நாற்காலி செய்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையில் நான் கியூசி சூப்பர்வைசர். சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் கவர்மெண்ட் ஆபீசில் ஃபேன் காற்றில் உட்காராமல் மரத்தூள் தின்னப் போகிறாளே என்று அவருக்குக் கடைசிவரை வருத்தம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

அந்த நாற்காலியைக் கொண்டுவந்தவர் மிஸ்டர் யூசுப். நைஜீரியாவின் வடக்குப் பகுதியில் பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி சப்ளை செய்கிற வியாபாரி. நெடிய ஆள், நீளமான வெள்ளை அங்கி, தலையில் நூல்வேலை செய்த தொப்பி. எங்கள் ஃபேக்டரி மேனேஜர் மிஸ்டர் லியோங் எழுந்து கை கொடுத்தார். யூசுப் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஒரு பெரிய துணிப்பையைத் திறந்து, நாற்காலியைத் துண்டு துண்டாக எடுத்து மீட்டிங் ரூம் மேசையில் அடுக்கினார். நான்கு கால்கள், முதுகுச் சட்டம், நீளவாக்கில் பிளந்துபோன இருக்கை.

"இது உங்க நாற்காலி. யாரும் உடைக்கல. பிள்ளைங்க ஏறிக் குதிக்கல. ஜூலையில வந்து இறங்கினப்ப கல்லு மாதிரி இருந்துச்சு. ஜனவரில தானா கழண்டுக்கிச்சு" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். மிஸ்டர் லியோங் எங்களிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். எல்லோர் பேச்சையும் நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

யூசுப்புக்குப் போகவேண்டிய இரண்டாவது லாட், அதாவது அடுத்த தவணைச் சரக்கு, முதலதைவிடப் பெரியது. அதற்கான பலகை அப்போதுதான் அறுத்து வந்திருந்தது. "இந்த லாட்டும் இப்படித்தான் வரும்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் சூராவ் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார்.

2. யார் தலை உருளும்?

அவர் வெளியே போனதும் மிஸ்டர் லியோங் என் பக்கம் திரும்பினார். "மரம் சரியா காயல. அதான். கில்ன்ல யாரு? முனியாண்டிதானே? இந்த மாசத்தோட அவனை நிறுத்திடு."

கில்ன் என்பது மரத்தைக் காயவைக்கிற பெரிய அறை. கொதிகலனிலிருந்து நீராவி குழாய் வழியாக வந்து உள்ளே சூடேற்றும். ஃபேன் அந்தச் சூட்டைப் பலகை அடுக்குகளுக்குள் தள்ளும். பச்சை ரப்பர் மரம் உள்ளே போய் காய்ந்த மரமாக வெளியே வரும். மரம் எங்கே போனாலும் அந்த ஊர்க் காற்றோடு ஒத்துப்போகப் பார்க்கும். காற்று ஈரமாக இருந்தால் அதைக் குடித்து உப்பும், வறண்டிருந்தால் சுருங்கும். இதைத் தெரிந்துகொண்டு போகிற ஊருக்கு ஏற்றபடி காயவைக்க வேண்டும். எங்களிடம் இரண்டு அளவுகள்தான் இருந்தன. ஒன்றுக்குப் பெயர் லோக்கல், இன்னொன்றுக்குப் பெயர் அமெரிக்கா. அமெரிக்கா குளிர்நாடு, வீட்டுக்குள் ஹீட்டர் போடுவார்கள், அதனால் நன்றாகக் காயவேண்டும். லோக்கல் நம்ம ஊர், அவ்வளவு காயத் தேவையில்லை.

ஆப்பிரிக்கா ஆர்டர் முதன்முதலில் வந்தபோது, "சூடான ஊர்தானே, நம்மள மாதிரிதான். லோக்கல் போதும்" என்று மிஸ்டர் லியோங் சொன்னார். கேட்ட எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. பினாங்கில் பிறந்தவனுக்குச் சூடு என்றால் வேர்வை. சூடும் ஈரமும் புருஷன் பெண்டாட்டி மாதிரி சேர்ந்தேதான் வரும் என்று நினைப்போம். ஈரமில்லாத சூட்டை எங்களில் யாரும் தோலில் உணர்ந்ததே கிடையாது.

முனியாண்டி அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் வேலையை விட்டு நிறுத்தினால் பக்கத்து ஊரான பிறையிலும் சரி, புக்கிட் தெங்காவிலும் சரி, வேறெந்த இடத்தில் கில்ன் ஆளாக எடுப்பார்கள்? "மரத்தைக் காயவைக்கத் தெரியாதவன்" என்ற பெயரோடு போனால் வாட்ச்மேன் வேலைகூட கிடைக்காது. விஷயத்தைச் சொன்னபோது அவர் அடங்கிப்போகிற ஆளா? கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் எறிந்தார்.

"பசை மிஸ், பசை! நான் அன்னிக்கே சொல்லல? புது பசை வாங்கினானுங்கல்ல, அது மட்டம். என் மரத்துமேல எவன் கை வைக்கிறான்?"

"அண்ணே, சபார் லா, பொறுங்க. பசை பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மரம்தான் விலகிப் போயிருக்கு. பாருங்க" என்று உடைந்த காலைக் காட்டினேன். மூட்டுக்குள் போகும் முளை, துளையைவிட மெலிந்துபோய் உள்ளே ஆடியது. அண்ணன் உற்றுப் பார்த்தார். ஆனாலும் பசையை இன்னொரு தடவை திட்டினார்.

நான் மிஸ்டர் லியோங்கிடம் திரும்பிப் போனேன். "பாஸ், அந்த லாட்டுக்கு ஈர மீட்டர் வச்சுப் பார்த்தது நான். லோக்கல் அளவுக்குச் சரியா காஞ்சிருந்துச்சு. அண்ணன நிறுத்தணும்னா என்னையும் சேத்து நிறுத்துங்க."

அவர் என்னை முறைத்தார். "அப்ப ஏன் உடைஞ்சது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் டைம் கேக்கறேன்."

இரண்டாவது லாட் போகும்வரை டைம் கொடுத்தார். அது சரியாக வந்தால் முனியாண்டி இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம் என்றார்.

3. மாதம் மாதமாக

மறுநாள் யூசுப்பைக் கில்னுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க ஊர் எப்படி இருக்கும்? மாசம் மாசமா சொல்லுங்க" என்று கேட்டேன். முனியாண்டி அண்ணன் ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். எந்நேரமும் உட்காருவது அதில்தான். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

யூசுப் டிசம்பரிலிருந்து ஆரம்பித்தார். "எங்களுக்கு டிசம்பர்ல பாலைவனத்துப் பக்கமிருந்து காத்து கிளம்பும். ஹார்மட்டான்னு பேரு. மாவு மாதிரி தூசி. காலைல சூரியனை நேரா பாக்கலாம், கண்ணு கூசாது. ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் போடுவோம்."

"ஆப்பிரிக்காவுல ஸ்வெட்டரா? மிஸ், இவரு நம்மள வச்சு வெளயாடறாரு" என்றார் அண்ணன்.

யூசுப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்தார். அங்கிப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே மஞ்சளாக வெண்ணெய் போல ஏதோ. "இது எங்க ஊர்ல ஒரு மரத்துக் கொட்டையிலேர்ந்து எடுக்கறது. ஜனவரில இது இல்லாம வெளிய போகமாட்டேன். உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும். கதவு சுருங்கி, தாழ்ப்பாள் துளைக்கு எட்டாது. துணி காயப்போட்டுத் திரும்பறதுக்குள்ள காஞ்சிடும். உங்க ஊருக்கு வந்ததிலேர்ந்து இந்த டப்பாவைத் திறக்கவே இல்ல."

"மார்ச்சுல?"

"மார்ச்லேர்ந்து மே வரைக்கும் நெருப்பு. கட்டிலை வெளிய இழுத்துப் போட்டுத்தான் தூக்கம். அப்பவும் வறட்சிதான். ஜூன்ல மழை வந்துடும், அதை விடுங்க, மழையைப் பத்தி உங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்று வெளியே கையைக் காட்டினார். அப்போது எங்கள் தகரக் கூரைமேல் ஏப்ரல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அன்றே பாதி விளங்கிவிட்டது. நாங்கள் நாற்காலியை நம்ம ஊர் ஈரத்தோடு அனுப்பியிருக்கிறோம். அது மழைக்காலத்தில் போய் இறங்கியதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஹார்மட்டான் வந்ததும் மரத்திலிருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டது. ஆனால் மிஸ்டர் லியோங் வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை. கண்ணால் காட்டவேண்டும்.

எங்களிடம் மூன்றாம் கில்ன் என்று ஒன்று கதவு ஒழுகி, பழைய சாமான் போடுகிற அறையாகக் கிடந்தது. அதைக் காலி செய்தோம். பினாங்குக் காற்றை வறளவைக்க ஒரே வழிதான் உண்டு. சூடேற்றவேண்டும். யூசுப்பின் ஊரில் குளிரும் ஜனவரியை நாங்கள் இங்கே சூட்டில்தான் செய்யவேண்டியிருந்தது. முதல் லாட்டில் மிஞ்சிய ஒரு நாற்காலியும், அமெரிக்கா அளவுக்குக் காய்ந்த ஒரு நாற்காலியும் உள்ளே போயின. அண்ணன் நீராவி வால்வைத் திருகினார்.

யூசுப்தான் எங்கள் தெர்மாமீட்டர். உள்ளே போவார், கொஞ்ச நேரம் நிற்பார், வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து தலையாட்டுவார். "இல்ல. இன்னும் பினாங்குதான்." அண்ணன் இன்னும் கொஞ்சம் திருகுவார். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒருமுறை போனவர், வெளியே வரும்போது உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே வந்தார். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"சூடு ஜாஸ்தி. ஆனா உதடு ஜனவரின்னு சொல்லுது. ஒண்ணுதான் குறையுது, தூசி."

அண்ணனுக்கு இதை மொழிபெயர்த்ததும் அவர் எழுந்து போய் மரம் தேய்க்கிற சாண்டிங் செக்‌ஷனிலிருந்து ஒரு மண்வெட்டி மரத்தூளை அள்ளிவந்து ஃபேனுக்கு நேராக வீசிவிட்டார். மூவரும் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தோம். இருமலுக்கு நடுவில் யூசுப் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே மூன்றாம் கில்னுக்கு ஆப்பிரிக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. "அண்ணன் எங்க?" என்று கேட்டால் பேக்கிங் பெண்கள், "ஆப்பிரிக்கா போயிருக்காரு" என்பார்கள்.

யூசுப் வேறு வியாபாரமாகப் பேங்காக் போனார். அவர் திரும்பும்வரை அந்த அறையை அப்படியே ஓட்டினோம். உள்ளேயிருந்து அவ்வப்போது சொடக்குப் போடுவது போலச் சத்தம் வரும். கதவைத் திறந்தபோது முதல் லாட் நாற்காலியின் கால் கையோடு வந்துவிட்டது. இருக்கையில் பிளவு. அமெரிக்கா நாற்காலி அசையவில்லை.

மிஸ்டர் லியோங் வந்து காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "அப்ப முனியாண்டி காயவச்சது பத்தலன்னுதானே அர்த்தம்?"

"லோக்கல் அளவுக்குக் காயவைக்கச் சொன்னது யாரு பாஸ்?"

அவர் நாற்காலிக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி. இந்த லாட்டை அமெரிக்காவைவிட இன்னும் காயவை. காயவச்சா முடிஞ்சுது" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். வேலை தப்பித்துவிட்டது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

4. உப்புக்குள் அரிசி

யூசுப் பேங்காக்கிலிருந்து திரும்பி வந்த அன்று கேண்டீனில் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். அவித்த முட்டைக்கு உப்புத் தூவப் போனவர், டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"உப்புல ஏன் அரிசி கிடக்குது?"

"இங்க உப்பு அழும் மிஸ்டர் யூசுப். சும்மா வச்சா கட்டி தட்டிடும். அரிசி போட்டா ஈரத்தை இழுத்துக்கும். எல்லார் வீட்லயும் இப்படித்தான்."

"வருஷம் பூரா?"

"வருஷம் பூரா."

அவருக்கு இது பெரிய வேடிக்கை. "எங்க வீட்ல ஆகஸ்ட் மாசம் மட்டும்தான் உப்பு அழும். என் மனைவி ஜாடியை அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வச்சிடுவா" என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "ஆகஸ்ட்ல மழை எப்படி?"

"எப்படியா? வானமே இடிஞ்சு விழும். மண்சுவரு கரையும். துணி ரெண்டு நாளைக்குக் காயாது. கதவு உப்பிப்போய்த் தோள் கொடுத்துத் தள்ளினாத்தான் திறக்கும்."

"எந்தக் கதவு? ஜனவரில தாழ்ப்பாள் எட்டாதுன்னு சொன்னீங்களே, அந்தக் கதவா?"

"அதே கதவுதான்" என்றார் அவர், முட்டையைக் கடித்துக்கொண்டே.

நான் அண்ணனைப் பார்த்தேன். மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. "ஆகஸ்ட்", "டோர்" என்ற இரண்டு வார்த்தைகளிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "அலாமாக்! ஒரே ஊருலயா மிஸ்?" என்று பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். யூசுப்பைக் குறை சொல்ல முடியாது. மழை எங்களுக்குத் தெரிந்த விஷயம் என்று மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார். நாங்களும் மழை என்றதும் காதை மூடிக்கொண்டோம்.

அன்று மத்தியானமே ஆப்பிரிக்காவில் மழைக்காலத்தை ஆரம்பித்தோம். காற்று வெளியேறும் வெண்டுகளை மூடி, சூட்டைக் குறைத்து, நீராவியை நேராக அறைக்குள்ளேயே விட்டார் அண்ணன். சுவரெல்லாம் தண்ணீர் வடிந்தது. இரண்டாவது லாட்டில் முதலில் தயாரான நாற்காலி ஒன்றை உள்ளே வைத்தோம். எலும்பாகக் காய்ந்த மரம், இடைவெளியே இல்லாமல் இறுக்கி முடுக்கிய இருக்கை. சில நாளில் கதவைத் திறந்தபோது இருக்கை நடுவில் மேடு தட்டி நின்றது. உப்பிய பலகை போக இடமில்லாமல் சட்டத்தைத் தள்ளி, பின்பக்கத்து ஸ்க்ரூவைப் பிடுங்கிவிட்டிருந்தது.

அண்ணன் அதன்முன் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "ஈரமா அனுப்பினா ஜனவரில செத்தேன். காயவச்சு அனுப்பினா ஆகஸ்ட்ல செத்தேன். எப்படிப் போனாலும் என் வேலைதான் மிஸ் போகுது" என்றார்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அழுதால் மரம் கேட்குமா? நான் யூசுப்பிடம், அந்தக் கதவை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தச்சன் அதைக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் மாட்டுவான். மாட்டின அன்னிக்கு லொடலொடன்னு இருக்கும். ஆகஸ்ட்ல சரியா இருக்கும்" என்றார்.

வழி அதில் இருந்தது. மரத்தை அசையாமல் பிடித்துவைக்கப் பார்க்காதே, அசைய இடம் கொடு. மரத்தை ஜனவரிக்குக் காயவைக்கவேண்டும், இருக்கையை ஆகஸ்டுக்கு மாட்டவேண்டும். சட்டத்தில் இருக்கையை முடுக்கும் ஸ்க்ரூ துளைகளை வட்டமாகப் போடாமல் நீளமாகப் போட்டால், பலகை உப்பும்போது ஸ்க்ரூவோடு சேர்ந்து நகரும், சுருங்கும்போது திரும்பிவிடும். சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் கொஞ்சம் சந்து விட்டால் போதும். அப்படி ஒரு நாற்காலி செய்து ஜனவரிக்குள்ளும் ஆகஸ்டுக்குள்ளும் போட்டு எடுத்தோம். அது ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்தது.

மிஸ்டர் லியோங் குதித்தார். "துளை போடற அச்சு, டிரில்லிங் ஜிக், அதையே மாத்தணுமா? துளை போட்ட சட்டத்தையெல்லாம் என்ன செய்யறது? கண்டெய்னர் புக் பண்ணியாச்சு லா!"

"பாஸ், போன லாட் ஒரு சீசனுக்குச் செஞ்சோம். அது மறு சீசன்ல உடைஞ்சுது. இதையும் ஒரு சீசனுக்குத்தான் செய்வீங்கன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

அவர் யூசுப்பைப் பார்த்தார். யூசுப் அமைதியாக, "கண்டெய்னர் லேட்டானா பள்ளிக்கூடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நாற்காலி உடைஞ்சா என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். ஜிக் மாறியது.

5. அண்ணன் உட்காராத நாற்காலி

அந்த லாட்டில் ஒரு நாற்காலியை முனியாண்டி அண்ணன் கேட்டு வாங்கி, கில்ன் வாசலில் போட்டுவைத்தார். யாராவது அதில் உட்காரப் போனால் விரட்டுவார். அவரும் உட்காரமாட்டார், பழைய எண்ணெய் டின்மேல்தான் குந்துவார். ஏன் என்று கேட்டதற்கு, "இன்னும் பாஸாகல மிஸ்" என்றார். மிஸ்டர் லியோங்கும் அதையேதான் நினைத்திருக்கவேண்டும். நிறுத்துவதைப் பற்றி அவர் பேசவில்லை. வேலை உறுதி என்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் யூசுப்பிடமிருந்து போன் வந்தது. லைன் கரகரத்தது. மிஸ்டர் லியோங் ஸ்பீக்கரில் போட்டார். நான் அண்ணனைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். மரத்தூள் அப்பிய சட்டையோடு ஆபீஸ் வாசலிலேயே நின்றார்.

"என் உதடு வெடிச்சிருக்கு. நாற்காலி வெடிக்கல" என்றார் யூசுப்.

ஆபீசே கைதட்டியது. மிஸ்டர் லியோங் எழுந்து வந்து அண்ணனின் தோளைத் தட்டினார். அண்ணன் சிரிக்கவில்லை. "பாதி வருஷந்தானே ஆச்சு. ஆகஸ்ட்ல மறுபடி கூப்பிடச் சொல்லுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கில்னுக்குத் திரும்பிப் போனார். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு மனிதன் அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கியூசிக்கு எத்தனையோ பெண்கள் வந்தார்கள், டிப்ளோமாவும் டிகிரியும் வைத்துக்கொண்டு. எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். புது ஊருக்குச் சரக்கு போகிறதென்றால் அது சூடா குளிரா என்று கேட்காதீர்கள். சூடு என்ற சொல்லுக்கு நீங்கள் பிறந்த ஊரின் அர்த்தம்தான் உங்களுக்குத் தெரியும். அங்கே உப்பு எந்த மாதம் அழும், உதடு எந்த மாதம் வெடிக்கும் என்று கேளுங்கள். பன்னிரண்டு மாதத்தையும் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மாதம் என்று அவர்கள் தாண்டிப்போனால், அந்த மாதத்தை இரண்டு தடவை கேளுங்கள்.

ஆகஸ்ட் வந்தது. யூசுப் சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம், எங்கள் தகரக் கூரைமேல் கேட்பதுபோலவே.

"உப்பு அழுவுது. கதவு திறக்கல. நாற்காலி சும்மா இருக்கு. முனியாண்டிகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நான் கில்னுக்கு நடந்துபோய் அப்படியே சொன்னேன். அண்ணன் வால்வைத் திருகி முடித்தார். கையைத் துணியில் துடைத்தார். எண்ணெய் டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வாசலில் ஒரு வருடமாகக் காத்திருந்த அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.